பைஃபேஷியல் பேனல்: பின்பக்க வாட்டை நம்பிச் செய்யும் தவறுகள்

வீட்டு மாடிக்கு 3 கிலோவாட் சோலார் வேண்டும் என்று கொட்டேஷன் கேட்டால், இன்று அதில் இருப்பது பெரும்பாலும் பைஃபேஷியல் பேனல்தான். முன்னும் பின்னும் கண்ணாடி, இரண்டு பக்கமும் வெளிச்சத்தை மின்சாரமாக்கும் செல். 540 வாட், அதற்கு மேல் என்று போனால் ஒருபக்கப் பேனலைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால் வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்வி ஏறக்குறைய முடிந்துவிட்டது. பின்பக்கம் தருவது எவ்வளவு, அதை நம்பி எதையெல்லாம் மாற்றுவது என்பதில்தான் காசு போகிறது.

முதல் தவறு கொட்டேஷனிலேயே தொடங்குகிறது. "முன்பக்கம் 540 வாட், பின்பக்கம் 25 சதவீதம், ஆக 675 வாட்" என்று கணக்குப் போட்டு, ஆறு பேனல் வேண்டிய இடத்தில் ஐந்து போதும் என்பார்கள். டேட்டா ஷீட்டில் 5, 10, 15, 20, 25 சதவீதம் என்று ஓர் அட்டவணை இருப்பது உண்மை. அது வாக்குறுதி அல்ல. பின்பக்க ஆதாயம் அவ்வளவு கிடைத்தால் வாட் இவ்வளவு வரும் என்ற வெறும் பெருக்கல். பார்க்க வேண்டிய எண்கள் வேறு. ஒன்று, எஸ்டிசி வாட்: முன்பக்கத்தில் மட்டும் சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி விழும்போது, செல் வெப்பம் 25 டிகிரி இருக்கும்போது அளந்தது. பேனல்களை ஒன்றோடொன்று ஒப்பிட இதுதான் அளவுகோல். இன்னொன்று பிஎன்பிஐ: முன்பக்கம் 1,000 வாட்டோடு பின்பக்கம் 135 வாட் ஒளிக்குச் சமமான நிலையில் அளந்தது. ஒரு கடைக்காரர் எஸ்டிசி எண்ணையும் இன்னொருவர் பிஎன்பிஐ எண்ணையும் சொன்னால், ஒரே பேனல் 540 வாட்டாகவும் 590 வாட்டாகவும் தெரியும். வாட்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று விலை பேசும்போது எந்த வாட் என்று கேளுங்கள்.

மூன்றாவது எண் பைஃபேஷியாலிட்டி. பின்பக்கச் செல், முன்பக்கத்தோடு ஒப்பிட்டால் எத்தனை சதவீதத் திறனுடன் வேலை செய்கிறது என்பது. பெர்க் என்ற செல் வகைக்கு 70 சதவீத அளவில், டாப்கான் வகைக்கு 80 அளவில், ஹெட்ரோஜங்ஷன் வகைக்கு அதற்கும் மேல். இதைப் படித்துவிட்டு "பின்பக்கம் 80 சதவீதம் கரண்ட் தரும்" என்று நினைப்பதும் நடக்கிறது. பின்னால் விழும் ஒளியே முன்னால் விழுவதில் பத்தில் ஒரு பங்குதான் என்றால், அந்தப் பத்தில் 80 சதவீதம்தான் கணக்கு. ஆக 8 சதவீதம்.

அந்தப் பத்தில் ஒரு பங்கு எங்கிருந்து வருகிறது? உங்கள் தரையிலிருந்து. பழைய கான்கிரீட் விழும் ஒளியில் 20 முதல் 25 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். நம் மொட்டை மாடிகளில் பதிக்கும் செம்மண் நிறத் தட்டோடும் கிட்டத்தட்ட அதே ரகம். வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் புதிதில் 70 சதவீதத்துக்கு மேல் அனுப்பும். தூசியும் மழைக்காலப் பாசியும் படிந்தால் இறங்கிவிடும், கழுவினால் கொஞ்சம் மீளும். ஆனால் பலர் மறப்பது இதை: பேனலுக்கு நேர் கீழே இருப்பது பேனலின் சொந்த நிழல். நிழலுக்குள் வெள்ளை அடித்து என்ன பயன்? பின்பக்கத்துக்கு ஒளி அனுப்புவது நிழலைச் சுற்றியிருக்கும் வெயில் படும் தரை. எனவே வெள்ளை அடிப்பதானால் பேனல் வரிசைக்கு வெளியே ஒன்று, ஒன்றரை மீட்டர் வரையாவது அடிக்க வேண்டும். வரிசைகளை ஒட்டி ஒட்டி வைத்தால் நடுவில் வெயில் விழவே இடமில்லை.

உயரம் இதனால்தான் முக்கியம். தகரக் கூரையிலோ ஓட்டிலோ நாலு விரல் இடைவெளி விட்டுப் படுக்க வைத்த பேனலுக்குப் பின்பக்க ஆதாயம் 0 முதல் 2, 3 சதவீதம். மொட்டை மாடியில் தாழ்வான முனை ஒரு மீட்டருக்கு மேல் இருந்து, தரை வெளிறியதாக இருந்தால் 5 முதல் 10 சதவீதம் எதிர்பார்க்கலாம். நல்ல வெள்ளைத் தரையும் தாராள இடைவெளியும் சேர்ந்தால் அதற்கு மேலும் போகும். வீட்டில் 20, 25 என்று யாராவது சொன்னால் எந்தத் தரையில், எவ்வளவு உயரத்தில் என்று கேளுங்கள்.

ஊகிக்கவே வேண்டாம், அளந்துவிடலாம். சோலார் பவர் மீட்டர் என்ற சிறு கருவியை உச்சி வெயிலில், பேனல் வரப்போகும் சாய்விலேயே மேல்நோக்கி ஒருமுறை, அதே உயரத்தில் தரையை நோக்கி ஒருமுறை பிடியுங்கள். மேலே 900, கீழே 90 என்றால் விகிதம் 10 சதவீதம். பெர்க் பேனலுக்கு 0.7 ஆல் பெருக்கினால் 7 சதவீதம். இது பேனல் ஏறுவதற்கு முந்தைய கணக்கு. ஏறியபின் நிழல் சேரும், எண் இன்னும் குறையும். விற்பவரிடம் இந்தக் கருவி இல்லை என்றால் அவர் சொல்லும் சதவீதமும் அளந்து வந்ததல்ல.

7 சதவீதம் என்றால் ரூபாயில் எவ்வளவு? தமிழ்நாட்டில் 1 கிலோவாட் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தருகிறது. 3 கிலோவாட்டுக்கு ஆண்டில் 4,300 யூனிட் சொச்சம். அதில் 7 சதவீதம் ஏறக்குறைய 300 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 2,400 ரூபாய். இதற்காக மட்டும் பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சரை உயர்த்துவது கட்டுபடியாகாது. மாடியில் துணி காயப்போட, நடமாட இடம் வேண்டும் என்று எப்படியும் எட்டடி உயர ஸ்ட்ரக்சர் போடுகிறீர்களா, அப்போது இந்த 300 யூனிட் சும்மா வருகிறது.

உயர்த்தினால் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். இங்கேதான் செய்யும் தவறு ஆபத்தானது. கட்டடங்கள் மீதான காற்று விசைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 மூன்றாம் பாகத்தின்படி சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், திருச்சிக்கு 47, கோவைக்கும் மதுரைக்கும் 39. வேகத்தின் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால் அழுத்தம் கிடைக்கும்: 50 மீட்டருக்கு, சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், அதாவது 150 கிலோ எடை அளவு. 540 வாட் பேனல் ஒன்று 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம்; ஆறு பேனல் 15.5 சதுர மீட்டர். உயரம், சாய்வு, கட்டட அமைப்புக்கான குணகங்களைச் சேர்க்கும் முன்பே 2.3 டன். பேனல்களின் சொந்த எடையோ 200 கிலோகூட இல்லை. 2016 வர்தாவிலும் 2018 கஜாவிலும் காற்று என்ன செய்யும் என்று பார்த்தவர்கள் இதைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

அப்படியிருக்க, தட்டோட்டின் மேல் பேஸ் பிளேட்டை வைத்து நாலு ஆங்கர் போல்ட் அடிப்பது போதாது. தட்டோடும் அதன் கீழிருக்கும் செங்கல் ஜல்லி சுண்ணாம்புப் படுகையும் போல்ட்டைப் பிடிக்காது. அந்த இடத்தில் படுகையை வெட்டி, ஸ்லாப் கான்கிரீட் தெரிந்தபின் கெமிக்கல் ஆங்கர் (பசை ஊற்றி இறுக்கும் போல்ட்) போட்டு, மேலே கான்கிரீட் பீடம் கட்டி, சுற்றி வாட்டர்புரூஃபிங் செய்ய வேண்டும். ஸ்லாப் பலவீனமாக இருந்தால் தூண்களை பீம் மேல் வருமாறு மாற்றி அமைக்க வேண்டும். ஸ்ட்ரக்சர் ஹாட் டிப் கால்வனைஸ் செய்ததா (உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தது), பெயின்ட் அடித்த இரும்பா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வெட்டி வெல்டிங் செய்த இடங்களில் துத்தநாகம் எரிந்து போயிருக்கும். கடலோர ஊர்களில் துரு அங்கிருந்துதான் கிளம்பும்.

ஸ்ட்ரக்சரே பின்பக்கத்தை மறைப்பது இன்னொரு தொல்லை. இவ்வகைப் பேனலில் அரை செல் ஒன்றின் அகலம் 91 மில்லிமீட்டர். பேனலின் குறுக்கே 60 மில்லிமீட்டர் அகலப் பர்லின் (பேனலைத் தாங்கும் குறுக்குக் கம்பி) ஓடினால் ஒரு வரிசைச் செல்களின் முதுகு பாதிக்கு மேல் மறைகிறது. செல்கள் தொடராக இணைந்தவை என்பதால், இருட்டில் இருக்கும் செல் எவ்வளவு கரண்ட் தருகிறதோ அவ்வளவுதான் மற்றவையும் தர முடியும். ஃபிரேமின் 30, 35 மில்லிமீட்டர் இடைவெளியில் பக்கவாட்டு ஒளி கொஞ்சம் நுழைவதால் முழு இழப்பு வராது; இருந்தாலும் வரவேண்டிய 7 சதவீதத்தில் நல்ல பங்கு போய்விடும். பர்லினை ஃபிரேமின் விளிம்பை ஒட்டி ஓடவிடலாமா என்பதை டேட்டா ஷீட்டோடு வரும் இன்ஸ்டலேஷன் மேனுவலில் பாருங்கள். எந்தப் பக்கத்தில், எவ்வளவு தூரத்தில் கிளாம்ப் வந்தால் எத்தனை பாஸ்கல் (சதுர மீட்டருக்கு நியூட்டன்) அழுத்தம் தாங்கும் என்று அதில் படம் போட்டே இருக்கும். குறுகிய பக்கத்தில் மட்டும் பிடித்தால் தாங்கும் அளவு குறையும். கொஞ்சம் பின்பக்க ஒளிக்காகக் காற்றுத் தாங்கும் பலத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். கேபிளைச் செல்களின் பின்னால் தோரணம் மாதிரித் தொங்கவிடாமல் ஃபிரேம் ஓரமாக, வெயில் தாங்கும் டை போட்டுக் கட்டச் சொல்லுங்கள். மழை ஒழுகாமல் இருக்கப் பேனலுக்கு அடியிலேயே ஷீட் போட்டு நிழற்கூடமாக்கும் வழக்கமும் உண்டு. கூடம் நன்றாக இருக்கும். பின்பக்கம் அதோடு முடிந்தது.

இன்வர்ட்டரில் நடக்கும் தவறு சற்று நுட்பமானது. பின்பக்கம் கூடுதல் வாட் தருவதால் பெரிய கிலோவாட் இன்வர்ட்டர் வேண்டும் என்பார்கள். பெரும்பாலும் வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் செல் 65 டிகிரிக்குப் போகும். பெர்க் செல்லில் டிகிரிக்கு 0.35 சதவீதம் இழப்பு என்றால் 40 டிகிரிக்கு 14 சதவீதம். 540 வாட் பேனல் 464 ஆகிறது. பின்பக்கம் 7 சதவீதம் சேர்த்தாலும் 500ஐத் தொடாது. கவனிக்க வேண்டியது வாட் அல்ல, ஆம்பியர். வெப்பம் வோல்ட்டேஜைத்தான் குறைக்கிறது, கரண்ட்டைக் குறைப்பதில்லை. பின்பக்க ஒளி ஏற்றுவதோ கரண்ட்டை. 540 வாட் பேனலின் வேலைக் கரண்ட் 13 ஆம்பியர், இரு முனையையும் நேராக இணைத்தால் ஓடும் ஷார்ட் சர்க்யூட் கரண்ட் 13.9. பத்து சதவீதம் கூடினால் 14.3, 15.3. எம்பிபிடி (பேனலிலிருந்து அதிகபட்ச வாட்டை இழுக்கும் பகுதி) ஒன்றுக்கு 12.5 அல்லது 13 ஆம்பியர்தான் என்ற பழைய மாடல் இன்வர்ட்டரை மலிவாகத் தந்தால், பின்பக்கம் தந்தது முழுவதும் உச்சி வேளையில் வெட்டப்படும். முன்பக்கத்திலும் கொஞ்சம் போகும். 16 ஆம்பியர் அல்லது அதற்கு மேல் உள்ளதாக, ஷார்ட் சர்க்யூட் அளவும் தனியாகக் குறிப்பிட்டதாகப் பாருங்கள்.

இதே காரணத்தால் பேனலுக்கும் இன்வர்ட்டருக்கும் நடுவே வரும் டிசிடிபி பெட்டிக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். வெயிலில் காயும் பெட்டிக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ் 15ஐத் தாங்காது. கோடையில் மதியம் மட்டும் சிஸ்டம் நின்றுபோகும் மர்மம் பல வீடுகளில் இதுதான். ஷார்ட் சர்க்யூட் கரண்ட்டைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல், பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் உச்ச ஃபியூஸ் அளவுக்குள் இருக்க வேண்டும்.

பேட்டரி வைத்த பழைய வீட்டு இன்வர்ட்டரோடு ஒரே ஒரு 540 வாட் பைஃபேஷியல் பேனலை இணைப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. இந்தப் பேனலின் ஓப்பன் சர்க்யூட் வோல்ட்டேஜ், அதாவது எதையும் இணைக்காதபோது இருக்கும் வோல்ட்டேஜ், 50 வோல்ட் அளவு. 12 வோல்ட் சிஸ்டத்துக்கான பிடபிள்யூஎம் என்ற எளிய வகை சார்ஜ் கன்ட்ரோலர்கள் பல 25 வோல்ட்டுக்கு மேல் தாங்காமல் எரியும். தாங்கினாலும் பேட்டரி வோல்ட்டேஜுக்குப் பேனலை இழுத்துவிடும்: 13.5 வோல்ட், 13 ஆம்பியர், மொத்தம் 175 வாட். 540க்குக் காசு கொடுத்து மூன்றில் ஒரு பங்கு. எம்பிபிடி கன்ட்ரோலர் இல்லாமல் இந்தப் பேனலை வாங்காதீர்கள்.

பின்பக்க ஆதாயமே கிடைக்காத கூரையிலும் இரட்டைக் கண்ணாடிப் பேனல் வாங்க நியாயமான காரணம் ஒன்று உண்டு: ஈரமும் உப்புக் காற்றும். பிளாஸ்டிக் பேக்ஷீட் வெயிலில் வெடித்து ஈரம் புகும் சிக்கல் கண்ணாடியில் இல்லை. பல நிறுவனங்கள் 30 ஆண்டு உத்தரவாதம் தருவது அதனால்தான். ஆனால் செல்லைச் சுற்றியிருக்கும் பசைப் படலம் இவிஏவா பிஓஇயா என்று கேட்டு வாங்குங்கள். இவிஏ ஈரம் பட்டால் அசெட்டிக் அமிலம் விடும்; இரண்டு கண்ணாடிக்கு நடுவே அது வெளியேற வழியில்லை. டாப்கானுக்கு பிஓஇ கலந்ததே நல்லது. கடலோரம் என்றால் ஐஇசி 61701 உப்புத்தூவல் சான்று டேட்டா ஷீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கண்ணாடி இரண்டு என்பதால் உறுதி இரட்டிப்பு என்று நம்பி அதன்மேல் ஏறி நிற்பவர்கள் இருக்கிறார்கள். ஒருபக்கப் பேனலில் இருப்பது 3.2 மில்லிமீட்டர் டெம்பர் செய்த கண்ணாடி. இங்கே பெரும்பாலும் 2 மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டு. எடை 32 கிலோ. மாடிப்படியில் ஒருவர் தலையில் வைத்துத் தூக்கினால் வளைந்து, வெளியே தெரியாமல் செல்லில் கீறல் விழும். இரண்டு பேர் நிமிர்த்திப் பிடித்துத் தூக்க வேண்டும். கிளாம்ப்பை முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் மட்டுக்கு மீறி முறுக்கினால், சில மாதம் கழித்து ஒரு வெயில் நாளில் கண்ணாடி தானாக வெடித்த மாதிரி வெடிக்கும். முறுக்கு அளவு மேனுவலில் இருக்கும்.

பேனலைச் சுவர் மாதிரி நிமிர்த்தி, ஒரு முகம் கிழக்கு, ஒரு முகம் மேற்கு என்று வைக்கும் படங்கள் ஜெர்மனியிலிருந்து வருகின்றன. சூரியன் தாழ்ந்தே ஓடும் ஊருக்கு அது சரி. 8 முதல் 13 டிகிரி அட்சரேகையில் இருக்கும் நமக்கு உச்சியில் சூரியன் பேனலின் விளிம்பைப் பார்த்து நிற்கும். நாளின் சிறந்த நேரம் வீண். தெற்கு நோக்கி 10 டிகிரி சாய்வே போதும், மழையில் தூசி கழுவிப் போகவும் அந்தச் சாய்வு உதவும்.

மானியம் வாங்குவோர், 2024இல் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்பதோடு, செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும் என்ற டிசிஆர் நிபந்தனையையும் பாருங்கள். அதிக பைஃபேஷியாலிட்டி என்று டிசிஆர் அல்லாத பேனலை ஏற்றிவிட்டால் 78,000 போய்விடும். 2,400 ரூபாய்க் கணக்கில் அதை மீட்க முப்பது ஆண்டுக்கு மேல் ஆகும்.

வேலை முடிந்தபின் புறா கூடு கட்டுகிறது என்று ஸ்ட்ரக்சரைச் சுற்றி நெருக்கமான பச்சை வலையைக் கட்டாதீர்கள். பக்கவாட்டு ஒளி நுழைவதே அந்தத் திறந்த பக்கங்கள் வழியாகத்தான். அகலக் கண்ணியுள்ள, துருப்பிடிக்காத கம்பி வலையைப் பேனல் விளிம்புக்கும் பர்லினுக்கும் நடுவே உள்ள இடுக்கில் மட்டும் அடித்தால் போதும். ஆண்டுக்கு இரண்டு முறை பின்பக்க ஒட்டடையையும் குளவிக் கூட்டையும் ஈரத் துணியால் துடையுங்கள், விடியற்காலையில், உப்பில்லாத தண்ணீரில்; போர் தண்ணீர் காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு படியும். நடுவில் வரிசையாக இருக்கும் ஜங்ஷன் பாக்ஸ்களில் பிரஷர் பைப்பைப் பீய்ச்ச வேண்டாம்.