இண்டி ராக் வீடியோவை சினிமாப் பாட்டுக் கண்ணோடு பார்க்காதீர்கள்

சேலத்தில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கிறவர்களுக்கு என்றாவது ஒரு நாள் இந்த அசைன்மென்ட் வந்தே தீரும்: ஒரு இண்டி ராக் (இண்டிபென்டன்ட், அதாவது சுயாதீன ராக்) மியூசிக் வீடியோவை எடுத்துக்கொண்டு அதன் வழக்கங்களை அலசி எழுத வேண்டும். அடுத்து, கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏற்காட்டுக்குப் போய் நீங்களே ஒன்று எடுத்துவரவும் சொல்வார்கள். எடுப்பதில் நம் பிள்ளைகள் கெட்டி. எழுதுவதில்தான் சறுக்குகிறார்கள். தாள்களைத் திருத்த உட்கார்ந்தால் தவறுகள் பத்து விதமாகத் தெரியும். கிளறிப் பார்த்தால் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். நாம் சினிமாப் பாட்டு பார்த்து வளர்ந்தவர்கள்.

அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் வளைவு ஏற்காடு சாலையில்தான் நிற்கிறது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 1956-ல் வந்தது அந்த நிறுவனத்திலிருந்துதான். ஆனால் சினிமாப் பாட்டு ஒரு கதைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு முன்னாலும் கதை, பின்னாலும் கதை. இண்டி ராக் வீடியோவுக்கு முன்னும் பின்னும் எதுவும் கிடையாது. பாட்டு ஏற்கெனவே பதிவாகி முடிந்துவிட்டது. அதை வாசித்த நாலைந்து பேர் இருக்கிறார்கள். அந்தப் பாட்டு எப்படிப்பட்டது, இவர்கள் யார் என்று காட்டத்தான் படமே. இதை மறந்துவிட்டுப் பேனாவைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே வண்டி தடம் மாறிவிடும்.

முதலில் மாறுவது கதைச் சுருக்கத்தில். "ஒரு இளைஞன் அறையில் தனியாக இருக்கிறான், பிறகு வெளியே நடக்கிறான், ஒரு பெண்ணைப் பார்க்கிறான்" என்று ஒன்றரைப் பக்கம் போகும். இடையிடையே பேண்ட் வாசிக்கும் ஷாட்கள் வருமே, அவை பற்றி ஒரு வரிகூட இருக்காது. சினிமாப் பாட்டில் பின்னால் கிட்டார் வாசிப்பவரை நாம் கவனிப்பதில்லை அல்லவா, அதே பழக்கம். ஆனால் இந்த வகை வீடியோவில் வாசிப்புதான் பெரும்பாலும் முதுகெலும்பு. கதை அதன் மேல் தொங்குகிற துணிதான். சில வீடியோக்களில் அந்தத் துணியும் கிடையாது.

கேபிள் இல்லாத கிட்டார்

ஏற்காட்டின் பகோடா பாயிண்ட் பாறையில் எடுத்த ஒரு மாணவர் வீடியோவை வைத்துக்கொள்வோம். டிரம்ஸ் செட்டைப் பாறை மேல் பரப்பியிருக்கிறார்கள். ஒருவர் எலக்ட்ரிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டுகிறார். கிட்டாரில் கேபிள் இல்லை, பக்கத்தில் ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) இல்லை, டிரம்ஸுக்கு முன்னால் ஒரு மைக்கும் இல்லை. பாட்டிலோ கிட்டார் அலறுகிறது. இதைப் பார்த்தவர் தாளில் "கன்டின்யூட்டி பிழை" (காட்சித் தொடர்ச்சியில் பிழை) என்று எழுதிவிடுகிறார்.

அது பிழை இல்லை, வழக்கம். மின்சாரமே இல்லாத இடத்தில் பேண்ட் வாசிப்பதாக நடிப்பது ராக் வீடியோவில் பல காலமாக எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒன்று. இன்னும் உற்றுப் பாருங்கள். சில பேண்ட்கள் கனமான ஆம்பை மெனக்கெட்டு மலைக்குத் தூக்கி வந்து, கேபிளையும் செருகி வைத்திருப்பார்கள். ஆம்புக்குக் கரண்ட் எங்கிருந்தும் வராது. அப்புறம் எதற்கு இந்தச் சுமை? "நாங்கள் நிஜமாக வாசிக்கிறவர்கள்" என்று சொல்லத்தான். எழுத வேண்டியது அதைப் பற்றி.

வாயசைப்பும் இப்படித்தான். நம் சினிமாவில் ஒருவர் பாடுவார், இன்னொருவர் வாயசைப்பார். அதில் யாருக்கும் மனவருத்தம் கிடையாது. பாடியவர் பெயரையும் நாம் தனியாகக் கொண்டாடுகிறோம். ராக் உலகத்தில் குரலுக்குச் சொந்தக்காரரே வாய் திறக்க வேண்டும். அதனால் அங்கே லிப் சிங்க் என்பது வெறும் தொழில்நுட்பம் அல்ல, நேர்மை பற்றிய கேள்வி. 2001-ல் அமெரிக்காவின் த ஸ்ட்ரோக்ஸ் குழு வாயசைப்பே வேண்டாம் என்று "லாஸ்ட் நைட்" வீடியோவுக்காக நேரடியாக வாசித்தது. "இந்த வீடியோவில் லிப் சிங்க் உள்ளது" என்று ஒரு வரி எழுதி நகர்ந்துவிட்டால் இந்தச் சங்கதி முழுக்க நழுவிவிடும்.

மங்கலாக இருந்தால் காசில்லை என்று அர்த்தமா?

அதிகம் பார்க்கும் வாக்கியம் இது: "இண்டி பேண்ட் என்பதால் பட்ஜெட் குறைவு, எனவே படம் கிரெயினாக உள்ளது." கிரெயின் என்றால் படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள். ஒரே வாக்கியத்தில் இரண்டு ஊகம்.

முதல் ஊகம், இண்டி என்றால் ஏழை என்பது. பிரிட்டனில் 1980-ல் இண்டி இசைக்கென்று தனி விற்பனைப் பட்டியல் தொடங்கியபோது அளவுகோல் தெளிவாக இருந்தது. இசைத்தட்டு பெரிய கம்பெனிகளின் விநியோகத்தைச் சாராமல் கடைக்கு வர வேண்டும், அவ்வளவுதான். ஒலி எப்படி இருந்தாலும் கவலையில்லை. பிறகு மெல்ல மெல்ல அது ஒரு பாணியின் பெயராகவும் ஆகிவிட்டது. மேலே சொன்ன ஸ்ட்ரோக்ஸை எல்லோரும் இண்டி ராக் என்பார்கள். அவர்களை அமெரிக்காவில் வெளியிட்டது ஆர்சிஏ என்ற பழம்பெரும் கம்பெனி. ஆக, நீங்கள் வியாபாரத்தைச் சொல்கிறீர்களா, பாணியைச் சொல்கிறீர்களா என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் தாள் முழுக்க இரண்டும் குழம்பும்.

இரண்டாவது ஊகம், கிரெயின் என்றால் வறுமை என்பது. 2005-ல் ஆர்க்டிக் மங்கீஸ் என்ற பிரிட்டிஷ் குழு தன் முதல் பெரிய பாட்டை வெளியிட்டபோது அவர்கள் இருந்தது டோமினோ என்ற உண்மையான இண்டி நிறுவனத்தில். அந்த வீடியோ பழைய டிவி நிகழ்ச்சி போல இருக்கும். வண்ணம் வெளிறி, ஓரங்கள் மங்கலாகத் தெரியும். வேறு கேமரா கிடைக்காததால் அப்படி எடுக்கவில்லை. 1980-களின் டியூப் வகை டிவி கேமராக்களை வேண்டுமென்றே கொண்டுவந்து எடுத்தார்கள். பழைய பிரிட்டிஷ் இசை நிகழ்ச்சிகளின் தோற்றம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அந்த மங்கலுக்குள் ஒரு மேற்கோள் ஒளிந்திருக்கிறது. "பட்ஜெட் குறைவு" என்று எழுதியவர் அதைக் காணவே மாட்டார்.

உங்கள் போன் ஆப்பில் "வின்டேஜ்" ஃபில்டரைத் தட்டுகிறீர்களே, அதுவும் இதே கதைதான். சுத்தமான படத்தின் மேல் தூசியைத் தூவுகிறீர்கள். ஏன் தூவினீர்கள் என்று உங்கள் அறிக்கையில் நீங்களே பதில் சொல்ல வேண்டும்.

வரியும் படமும்

ஆண்ட்ரூ குட்வின் என்ற ஆய்வாளர் 1992-ல் எழுதிய நூலை உங்கள் பாடத்திட்டத்தில் பார்த்திருப்பீர்கள். பாட்டு வரிக்கும் படத்துக்கும் உள்ள உறவை அவர் மூன்றாகப் பிரிக்கிறார். படம் வரியை அப்படியே காட்டலாம், அதற்கு மேல் அர்த்தம் சேர்க்கலாம், அதற்கு முரணாகவோ சம்பந்தமில்லாமலோ போகலாம். "கடைசி பஸ் போயிடுச்சு" என்று ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள். சேலம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ் வெளியே போவதைக் காட்டினால் முதல் வகை. பஸ்ஸே இல்லாமல், பூட்டிய கடை வாசலில் ஒருவன் செருப்பைக் கழற்றித் தலைக்கு வைத்துப் படுப்பதைக் காட்டினால் இரண்டாவது. அதே வரிக்கு ஐந்து ரோடு சந்திப்பில் நாலு பேர் கூத்தடித்து ஆடினால் மூன்றாவது.

இந்த மூன்றும் எல்லோருக்கும் மனப்பாடம். தவறு எங்கே என்றால், வீடியோ முழுவதற்கும் ஒரே முத்திரையைக் குத்திவிடுவதில். நல்ல வீடியோவில் உறவு மாறிக்கொண்டே இருக்கும். சரணத்தில் வரியோடு ஒட்டிப் போய், கோரஸில் திடீரென்று கைவிட்டுவிடும். அந்த மாறும் இடத்தைப் பிடிப்பதுதான் அலசல்.

இன்னொன்று, வரியை மட்டும் பார்த்து மெட்டை விட்டுவிடுவது. 1998-ல் வந்த ரேடியோஹெட் என்ற பிரிட்டிஷ் குழுவின் "நோ சர்ப்ரைஸஸ்" வீடியோவில் கட்டே கிடையாது, முழுக்க ஒரே ஷாட். பாடகரின் முகம், அதைச் சுற்றி ஒரு கண்ணாடிக் கவசம். உள்ளே தண்ணீர் மெல்ல ஏறி வாயையும் மூக்கையும் மூடுகிறது. மெட்டோ தாலாட்டு. தாலாட்டைக் கேட்டபடி ஒருவர் மூச்சுத் திணறுவதைப் பார்க்கிறோம். வரியை மட்டும் வைத்து எழுதினால் இந்த மோதல் பாதிதான் வெளியே வரும். எடுத்த விதமும் தெரிந்துகொள்ள வேண்டியது. தண்ணீருக்குள் இருக்கும் நேரத்தைக் குறைக்க, அந்தப் பகுதியில் பாட்டை வேகமாக ஓடவிட்டு எடுத்து, பிறகு படத்தை மெதுவாக்கினார்கள்.

கட்களை எண்ணும் முன் தாள அடியை எண்ணுங்கள்

"எடிட்டிங் வேகமாக உள்ளது, இது எனர்ஜியைத் தருகிறது." எந்த வீடியோவுக்கும் பொருந்தும் வாக்கியம் எந்த வீடியோவைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. எதை விட வேகம்?

முதலில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாட்டை மட்டும் கேளுங்கள். பேனாவால் மேசையில் தாளம் தட்டுங்கள். டிரம்ஸ் எங்கே நுழைகிறது, கோரஸ் எங்கே தொடங்குகிறது, எங்கே எல்லாம் அடங்கிக் குரல் மட்டும் நிற்கிறது என்று நிமிடம், நொடி குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து ஒலியை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். கடைசியில்தான் இரண்டும் சேர்த்து.

கணக்கு சுலபம். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் ஒரு அடி அரை நொடி. எட்டு அடிக்கு ஒரு கட் என்றால் நான்கு நொடிக்கு ஒரு ஷாட். இரண்டு அடிக்கு ஒன்று என்றால் ஒரு நொடி. இப்போது நீங்கள் எழுதுவது வேறு மாதிரி இருக்கும்: "சரணத்தில் எட்டு அடிக்கு ஒரு முறை மாறிய ஷாட், கோரஸில் இரண்டு அடிக்கு ஒரு முறை மாறுகிறது. கடைசி கோரஸில் மட்டும், பாட்டு உச்சத்தில் இருக்கும்போது, கட்டே இல்லாமல் பாடகரின் முகத்தில் நிற்கிறது." இதைப் படிப்பவருக்குக் கேள்வி தானாக எழும், ஏன் அங்கே நிறுத்தினார்கள் என்று. அடுத்த பத்தி அதற்கான பதில்.

தாளத்தைப் படமாக்குவது என்றால் என்ன என்று பார்க்க ஆசையா? இயக்குநர் மிஷேல் கோன்ட்ரி 2003-ல் ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவுக்கு எடுத்த "த ஹார்டஸ்ட் பட்டன் டு பட்டன்" வீடியோவைப் பாருங்கள். டிரம்ஸ் அடி விழ விழத் தெருவில் புதிதாக ஒரு டிரம்ஸ் செட் முளைக்கும்.

"மரபை உடைக்கிறது"

இந்தச் சொற்றொடருக்கு ஒரு செமஸ்டர் தடை போட்டால் நல்லது. 1981 ஆகஸ்ட் 1-ல் மியூசிக் வீடியோக்களுக்கான எம்டிவி என்ற அமெரிக்க சேனல் தொடங்கியபின் இசைக் கம்பெனிகளுக்கு வேண்டியது முகம். க்ளோஸ்-அப் இருந்தால்தான் ஆளை அடையாளம் தெரியும், இசைத்தட்டு விற்கும். 1985-ல் த ரீப்ளேஸ்மென்ட்ஸ் என்ற குழு "பாஸ்டர்ட்ஸ் ஆஃப் யங்" பாட்டுக்குக் கொடுத்த கறுப்பு வெள்ளை வீடியோவில் பெரும்பகுதி ஒரு ஸ்பீக்கர்தான். பேண்ட் முகமே காட்டவில்லை. ஒரு ஆள் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிறார், முடிவில் ஸ்பீக்கரை உதைத்துவிட்டுப் போகிறார். அன்றைக்கு அது முகத்தில் அறைந்த மாதிரி. அப்போது அவர்கள் ஒரு பெரிய கம்பெனியின் குடைக்குள் இருந்தார்கள் என்பது கூடுதல் சுவாரசியம். ஆனால் அதற்குப் பிறகு முகத்தை மறைப்பதும் இண்டி பேண்ட்களிடம் ஒரு வழக்கமாகிவிட்டது. இன்றைக்கு ஒருவர் முகம் காட்டாமல் எடுத்தால் அவர் மரபை உடைக்கவில்லை, மரபுக்குள் வந்து உட்காருகிறார். எந்த ஆண்டு, யார் எதை எதிர்பார்த்தார்கள் என்று சொல்லாமல் உடைப்பைப் பற்றிப் பேச முடியாது.

ஒரே வீடியோவைப் பார்த்துவிட்டு வழக்கம் என்று எழுதுவதும் ஆகாது. அதே குழுவின் இன்னும் இரண்டு, அதே காலத்து வேறு குழுக்களின் சில என்று பார்த்தால்தான் எது பொது, எது தனி என்று தெரியும். லோ ஆங்கிள் (கீழிருந்து மேல் நோக்கி எடுப்பது) என்றாலே அதிகாரம் என்பதையும் விட்டுவிடுங்கள். சின்ன அறையில் கேமரா வைக்கத் தரைதான் மிச்சமிருந்திருக்கும்.

வெளிநாட்டுப் பட்டியலை நம் ஊர் வீடியோ மேல் அப்படியே பொருத்துவதிலும் கவனம் வேண்டும். இண்டி ராக் உடை என்றால் கசங்கிய சட்டை, பழைய ஜீன்ஸ், "எனக்குக் கவலையில்லை" என்ற தோரணை என்று பட்டியல் சொல்லும். கானாவும் ராப்பும் ராக்கும் கலந்த த காஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018-ல் சென்னையில் மேடையேறியபோது எல்லோரும் கோட் சூட்டில் நின்றார்கள். கோட் அணிந்த அம்பேத்கரைச் சிலையாகத் தெருவுக்குத் தெரு பார்த்த ஊரில் அந்த உடை என்ன சொல்கிறது என்று எந்தப் பட்டியலும் உங்களுக்குச் சொல்லாது.

பனி என்றால் சோகம்

ஏற்காட்டில் எடுத்த வீடியோ என்றால் தாளில் கட்டாயம் வரும்: "பனிமூட்டம் கதாநாயகனின் மனக்குழப்பத்தைக் குறிக்கிறது." இருக்கலாம். ஆனால் ஏற்காட்டில் பனி யாரையும் கேட்டுக்கொண்டு இறங்குவதில்லை. வேண்டுமென்று எடுத்ததா, அன்றைக்கு அப்படி அமைந்ததா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பாட்டில் பனி எங்கே வருகிறது, எங்கே விலகுகிறது என்று பாருங்கள். கோரஸோடு சேர்ந்து விலகினால் அங்கே யாரோ யோசித்திருக்கிறார்கள். ஒரு ஷாட்டில் பனி, அடுத்ததில் வெயில், மறுபடி பனி என்றால் அது வானிலை.

சினிமாவுக்கு மலை என்றால் டூயட், சால்வை, ஏரியில் படகு. இண்டி ராக் அந்த அழகைச் சந்தேகத்தோடு பார்க்கும் வகை. சொந்த ஊரின் சாதாரணத் தெருவில் நின்று வாசிப்பதுதான் அங்கே பெருமை. அதனால் சேலத்துப் பையன் ஒருவன் ஏற்காட்டின் காட்சிமுனையான லேடீஸ் சீட்டை விட்டுவிட்டு, ஹேர்பின் வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நிற்கும் இடத்திலோ, அம்மாப்பேட்டையில் விசைத்தறி ஓடும் சந்திலோ டிரம்ஸைப் போட்டால் அதை "லொகேஷன் கிடைக்கவில்லை" என்று எழுதாதீர்கள். அந்தத் தறிச் சத்தம் பாட்டுக்குள் வருகிறதா என்று கேளுங்கள்.

உங்கள் சொந்த வீடியோ பற்றிய அறிக்கைக்கும் இதுவே பொருந்தும். எல்லாமே திட்டமிட்டுச் செய்ததாக எழுத வேண்டியதில்லை. மதியம் பனி இறங்கியதால் வைட் ஷாட்டைக் கைவிட்டு க்ளோஸ்-அப்புக்கு மாறினீர்களா? அப்படியே எழுதுங்கள். அந்த க்ளோஸ்-அப்பை எடிட்டில் எந்த அடியில் வைத்தீர்கள், ஏன் அங்கே வைத்தீர்கள் என்று சேர்த்து எழுதினால், மதிப்பெண் போடுகிறவருக்கும் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்கும்.