கண்காட்சிக்கு அனுப்பும் ஓவியத்தைப் படம் எடுப்பது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் தோட்டப்புறத்திலிருந்து பல்கலைக்கழக மாணவர் கண்காட்சிக்கு ஓவியம் அனுப்பும் தம்பி தங்கைகளே, முதல் சுற்றில் நடுவர்கள் பெரும்பாலும் புகைப்படத்தைத்தான் பார்க்கிறார்கள். நல்ல ஓவியம் மங்கலான படத்தால் விலக்கப்படுவது பெரிய கொடுமை!

கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிவிடுங்கள். வீட்டு அஞ்சடியில் (முன் தாழ்வாரத்தில்), நேர்வெயில் படாத நிழலில், ஓவியத்தைச் சுவரில் மாட்டுங்கள். பிளாஷ் வேண்டாம், எண்ணெய் வண்ணம் பளபளக்கும். கைப்பேசி ஓவியத்தின் நடுப்பகுதிக்கு நேராக, சாயாமல் இருக்கட்டும். கிட்டப் போனால் ஓரங்கள் வளையும். சற்றுத் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் செய்யுங்கள். பிறகு புகைப்படத்தைச் சுவர் தெரியாமல் வெட்டிவிடுங்கள். பில்டர் போடவே கூடாது.

தலைப்பு, ஊடகம் (எந்த வண்ணத்தால், எதன்மேல் வரைந்தது), ஆண்டு, அளவு எல்லாம் எழுதுங்கள். அளவில் உயரம் முதலில், அகலம் பிறகு. ஆனாலும் விதிமுறைத் தாள் சொல்வதே முடிவு.