நவம்பரில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் வெள்ளமல்ல

போன வாரம் ஒரு மாணவி காவிரி டெல்டாவின் வெள்ள வரைபடம் என்று, செயற்கைக்கோள் படத்திலிருந்து வரைந்த ஒன்றைக் காட்டினார். திருவாரூர் மாவட்டத்தில் பாதி நீலம். ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் நான் அடித்த அதே நீலம். படத்தையும் தரவையும் தப்பாகப் படிக்கிற பிழைகளைத்தான் இங்கே எழுதுகிறேன். மென்பொருள் கோளாறு, கோப்பு தொலைவது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அதெல்லாம் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டால் தானே வந்துவிடும்.

நடவு வயலை வெள்ளம் என்று எழுதுவது

ஐப்பசியில் மேகம் விலகாது. அதனால் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படத்துக்குப் போகிறோம். அதற்கு மேகம் ஒரு தடையில்லை. அசையாத தண்ணீர் ரேடார் அலையைக் கண்ணாடிபோல வேறு பக்கம் திருப்பிவிடும், படத்தில் கறுப்பாக விழும். கறுப்பு என்றால் தண்ணீர், சரி. தண்ணீர் என்றால் வெள்ளம் என்கிறோமே, அங்கேதான் எல்லாம் கெடுகிறது. குறுவை அறுத்த பிறகு வரும் தாளடி நடவு நடக்கிற நேரம் அது. வயலில் அந்த இரண்டு அங்குலத் தண்ணீரை வரப்புக் கட்டி நிறுத்தியிருப்பவரே விவசாயிதான்.

அப்படி ஓர் அறிக்கை கொடுத்துவிட்டு மன்னார்குடிப் பக்கம் களத்துக்குப் போனேன். வரப்பில் நின்று டேப்லெட்டைக் காட்டி, "இந்த இடம் மூழ்கிடுச்சுல்ல ஐயா?" என்றேன். பெரியவர் நாற்றுமுடியைக் கீழே வைத்தார். "நேத்துதான் தம்பி நடவு ஆச்சு. குனிஞ்சு பாருங்க." குனிந்தேன். தண்ணீருக்கு மேலே பச்சை நுனிகள் வரிசையாக நின்றன. அறிக்கை அதற்குள் மேலே போயிருந்தது. மேட்டில் நட்ட வயலெல்லாம் பாதிப்புப் பட்டியலில் ஏற, உண்மையிலேயே அழுகிய கடைமடை அடியில் கிடந்தது. இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

ஒரே படத்தை வைத்து எழுதாதீர்கள். 12 நாள் இடைவெளியில் வரும் படங்களை வரிசையாக அடுக்குங்கள். நட்ட வயல், பயிர் தூர் கட்டக் கட்ட வெளுத்துக்கொண்டே வரும். அழுகிய வயல் வெளுக்காது. பிறகு வடிகாலை வரைந்து பாருங்கள். வெங்காயத்தாமரை அடைத்த வடிகாலின் இரு பக்கமும்தான் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். கொட்டியது மழை, நிற்க வைத்தது தூர்வாராத வாய்க்கால். மனிதரும் சுற்றுச்சூழலும் என்று தலைப்புப் போட்டுவிட்டு இந்த வடிகால் கோட்டைத்தான் வரையாமல் விடுகிறார்கள்.

காலண்டரை நம்பி ஒப்பிடுவது

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். தாமதமானால் குறுவை சுருங்கும், சம்பா தள்ளிப்போகும். இரண்டு ஆண்டுகளின் ஆகஸ்ட் படங்களைப் பக்கத்தில் வைத்து "விவசாயம் அழிகிறது" என்று எழுதுமுன் அணை திறந்த தேதியைத் தேடுங்கள்.

தென்னந்தோப்பை மேடு என்று நம்புவது

எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு 2000-ல் விண்ணோடத்திலிருந்து எடுத்தது. மரத்தலையையும் தரையோடு சேர்த்தே கணக்கில் கொள்ளும். கடலோரத்தில் நம் நிலமே ஓரிரு மீட்டர் உயரம், பிழை அதைவிடப் பெரிது. 2018-ல் கஜா புயல் சாய்த்த பழைய தோப்புகள் அந்தத் தரவில் இன்னும் நிமிர்ந்தே நிற்கின்றன.

மாவட்டப் பெயர்

மயிலாடுதுறை 2020-ல் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்தது. பழைய கணக்கில் வரும் நாகப்பட்டினம் வேறு, இன்றைய நாகப்பட்டினம் வேறு.

மாவும் ஏக்கரும்

மா என்பது டெல்டாவில் புழங்கும் நில அளவு. மூன்று மா ஓர் ஏக்கர். "ஆறு மா" என்று சொன்னதை ஆறு ஏக்கராக ஏற்றிவிட்டு, ஒரு கிராமத்தையே மறுபடி எண்ணியிருக்கிறேன்.