பூனைக்குச் சர்க்கரை நோய்: வீட்டில் ஊசி போட்டுப் பார்த்துக்கொள்வது எப்படி?

எங்கள் மணிக்கு ஒன்பது வயது. கருத்தடை செய்த கடுவன், ஏழு கிலோ. போன வருடம் திடீரென்று தண்ணீர்க் கிண்ணமே கதி என்று கிடந்தான். மண் தட்டை அள்ளும்போது சிறுநீர்க் கட்டிகள் கைப்பிடி அளவுக்கு இருந்தன. நன்றாகச் சாப்பிட்டான், ஆனால் தடவிக்கொடுத்தால் முதுகெலும்பு கையில் இடித்தது. அப்புறம் பின்னங்கால் குதி தரையில் படும்படி நடக்க ஆரம்பித்தான். சர்க்கரை நரம்பைப் பாதித்தால் பூனைகள் இப்படி நடக்கும்.

"பூனைக்குக்கூடவா சுகர் வரும்?" என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். வரும். பெரும்பாலும் நமக்கு வரும் டைப் 2 மாதிரிதான். குண்டான, நடுவயதைத் தாண்டிய கடுவன்களுக்கு அதிகம். பயத்தினாலேயே பூனைக்குச் சர்க்கரை ஏறிவிடும் என்பதால், ஒரு தடவை எடுத்த ரத்த அளவை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஃப்ரக்டோசமைன் என்ற பரிசோதனை கடந்த இரண்டு மூன்று வாரச் சராசரியைக் காட்டும். அதைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மனதில் வையுங்கள். ஒருநாள் சர்க்கரை கூடுதலாக இருந்தால் பூனைக்குப் பெரிய ஆபத்தில்லை. ஒரு மணி நேரம் மிகக் குறைந்துவிட்டால் உயிரே போகலாம். கீழே உள்ள எல்லாப் படிகளும் இதற்காகத்தான்.

படி 1: மருந்தும் சிரிஞ்சும் பொருந்துகிறதா?

பெரிய தவறு நடப்பது இங்கேதான். இன்சுலின் பாட்டிலின் மேல் ஒரு மில்லிக்கு 40 யூனிட் அல்லது 100 யூனிட் என்று போட்டிருக்கும். அதற்கேற்ற சிரிஞ்சுதான் வாங்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இரண்டு கோடு இழுத்தால், உள்ளே போவது இரண்டு யூனிட் இல்லை, ஐந்து யூனிட். வீட்டில் யாருக்காவது சுகர் இருந்தால் அவர்களுடைய சிரிஞ்சையோ மருந்தையோ அவசரத்துக்குக்கூட எடுக்காதீர்கள். எத்தனை யூனிட் என்பதைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பொதுவாக ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு யூனிட்டில்தான் தொடங்குவார்கள்.

பாட்டிலை ஃப்ரிட்ஜ் கதவிலோ ஃப்ரீசரிலோ வைக்காமல் நடுத்தட்டில் வையுங்கள். கிளார்ஜின் என்ற வகை இன்சுலின் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், கலக்க வேண்டியதில்லை. கலங்கியிருந்தால் பயன்படுத்தாதீர்கள். பால் நிற மருந்தைக் கலக்கும் முறை மருந்துக்கு மருந்து மாறும், மருத்துவரிடம் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். இவ்வளவு சிறிய அளவில் ஒரு காற்றுக்குமிழிகூடக் கணக்கைக் கெடுக்கும். சிரிஞ்சை விரலால் சுண்டி அதை வெளியேற்றுங்கள்.

படி 2: முதலில் சாப்பாடு, பிறகு ஊசி

காலை ஏழு, மாலை ஏழு என்று பன்னிரண்டு மணி நேர இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை வைத்துவிட்டுக் கவனியுங்கள். வழக்கம்போல் சாப்பிட்டால் ஊசி. பாதியில் திரும்பிக்கொண்டாலோ வாந்தி எடுத்தாலோ ஊசியை அப்படியே வைத்துவிட்டு மருத்துவருக்கு போன் செய்யுங்கள்.

பால் சோறு, தயிர் சோறு எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். உலர்ந்த தீனியிலும் மாவுச்சத்து அதிகம். மாவுச்சத்து குறைந்த ஈரத்தீனி நல்லது. வெங்காயம், பூண்டு, உப்பு சேர்க்காமல் அவித்த கோழியும் மீனும் கொடுக்கலாம், ஆனால் அவை மட்டுமே முழு உணவாகாது. இன்னொன்று: உணவை மாற்றியதும் சர்க்கரை மளமளவென்று இறங்கும், பழைய அளவு ஊசியே அதிகமாகிவிடும். அதனால் மாற்றுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

படி 3: ஊசி

நான் முதல் நாள் கை நடுங்கித்தான் போட்டேன். பூனைக்கு அவ்வளவாக வலிக்காது, ஊசி முடி போல மெல்லியது. பிடரியைவிட விலாப்பக்கம் நல்லது. தோலைக் கூடாரம் போல இரண்டு விரலால் தூக்குங்கள். கூடாரத்தின் அடியில் ஒரு குழி விழும். அங்கே ஊசியைச் சாய்வாக நுழைத்து மெதுவாக அழுத்துங்கள். அடுத்த வேளைக்கு மறுபக்கம்.

எடுத்த பிறகு அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். முடி ஈரமாக இருந்து, பிளாஸ்திரி போல மருந்து வாடை அடித்தால் ஊசி தோலின் மறுபக்கம் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போதும் இன்னொரு ஊசி போடவே கூடாது. எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. அடுத்த வேளை வரை விட்டுவிடுங்கள்.

ஒரு காலையில் நான் போட்டது தெரியாமல் அம்மாவும் சிரிஞ்சை எடுத்துவிட்டார், நல்லவேளை பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து ஃப்ரிட்ஜில் தேதித்தாள் ஒட்டி, போட்டவர் உடனே நேரத்தை எழுதுகிறோம். சாப்பிட்டானா, எவ்வளவு தண்ணீர் குடித்தான் என்பதும் அதிலேயே. பயன்படுத்திய ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மருத்துவமனையில் கொடுங்கள். குப்பையில் போட்டால் தூய்மைப் பணியாளர் கையில் குத்தும்.

படி 4: வீட்டில் சர்க்கரை பார்ப்பது

காதின் ஓரத்தில் மெல்லிய ரத்தக்குழாய் ஓடும். வெதுவெதுப்பான துணியால் அரை நிமிடம் ஒற்றி, காதுக்குப் பின்னால் பஞ்சை வைத்து, அந்த ரத்தக்குழாயை ஒட்டி ஒரு குத்து. கடுகளவு துளி போதும். மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனைக்குப் பெரும்பாலும் சற்றுக் குறைத்துக் காட்டும். எந்த மீட்டர் என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டு, எப்போதும் அதையே பயன்படுத்துங்கள். நாள் முழுக்க 80-க்கும் 300-க்கும் இடையில் இருந்தால் பொதுவாக நல்ல நிலை. ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு நீங்களே யூனிட்டைக் கூட்டாதீர்கள்.

சர்க்கரை இறங்கிவிட்டால்

தள்ளாடுவது, சோர்ந்து விழுவது, ஒரே இடத்தை வெறித்துப் பார்ப்பது, வெட்டி இழுப்பது எல்லாம் அறிகுறிகள். மீட்டரில் 60-க்குக் கீழ் என்றாலும் அப்படித்தான். விழுங்க முடிந்தால் உடனே சாப்பாடு கொடுங்கள். முடியாவிட்டால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவுங்கள். வாயில் ஊற்றாதீர்கள், புரையேறும். வலிப்பு வரும்போது வாய்க்குள் விரலை விடாதீர்கள். தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், இன்சுலினின் வேலை இன்னும் முடிந்திருக்காது.

சாப்பிடாமல் வாந்தி எடுத்து, சுருண்டு கிடந்து, மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவம் போல வாடை வந்தால் அது கீட்டோன் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலப் பொருள்) கூடிவிட்டதன் அறிகுறி. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சீக்கிரமே சிகிச்சை தொடங்கி, உணவையும் மாற்றினால், பல பூனைகளுக்குச் சில மாதங்களில் இன்சுலினே தேவைப்படாமல் போகும். மணிக்கு இப்போது ஒரு வேளைக்கு அரை யூனிட்தான். எடையையும் அவசரமில்லாமல், மாதம் நூறு இருநூறு கிராமாகக் குறைத்துக்கொண்டிருக்கிறோம். ஊசியை நிறுத்தச் சொன்னாலும் வாரம் ஒருமுறை காதில் குத்திப் பார்ப்பதை நிறுத்தப்போவதில்லை, ஏனென்றால் சர்க்கரை திரும்பவும் வரலாம்.