ஆத்தங்குடி கல்லை எண்ணிக்கொண்டே சி படிப்போம்

காரைக்குடிப் பக்கம் கல்லூரியில் சேர்ந்த முதலாண்டுப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, சி லேப்ல எதுவுமே புரியலை." சி என்பது கணினிக்கு நிரல் எழுதும் ஒரு மொழி. லேபில் முதல் பயிற்சியாக இரண்டு எண்களைக் கூட்டச் சொல்வார்கள். அதில் தப்பு செய்யவே இடமில்லை, அப்புறம் எங்கே கற்பது? நாம் ஒரு ஹாலின் தரைக்கு ஆத்தங்குடி கல் எத்தனை வேண்டும் என்று கணக்குப் போடுவோம்.

முதலில் தாள்

கணினியைத் தொடாதீர்கள். ஹால் 22 அடிக்கு 15 அடி. கல் 10 அங்குலச் சதுரம். அங்குலத்தில் 264, 180. நீளத்தில் 26 கல் போக 4 அங்குலம் மிச்சம். அதற்கும் ஒரு கல்லை வெட்டித்தான் வைக்க வேண்டும், ஆக 27. அகலத்தில் 18. பெருக்கினால் 486. இந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

அடுத்து, தட்டச்சு

உபுண்டு கணினியில் ஜிசிசி இருந்தால் போதும். நாம் எழுதும் சி நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் அது. இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். சி-க்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு.

#இன்க்ளூட் <எஸ்டிடிஐஓ.ஹெச்>
இன்ட் மெயின்()
{
இன்ட் நீளம், அகலம், கல்;
ஸ்கேன்எஃப்("%டி %டி %டி", &நீளம், &அகலம், &கல்);
பிரிண்ட்எஃப்("%டி", (நீளம் / கல்) * (அகலம் / கல்));
ரிட்டர்ன் 0;
}

இன்ட் என்றால் முழு எண். அந்த & குறிதான் பாதிப் பேரைக் கவிழ்ப்பது. ஸ்கேன்எஃப் எண்ணை வாங்கி எங்கே போடுவது என்று கேட்கிறது, & அந்த விலாசத்தைச் சொல்கிறது. முதல் லேபில் நான் அதை விட்டுவிட்டேன். 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று வந்தது. கணினிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து பக்கத்து இருக்கைக்கு மாறி உட்கார்ந்து, அங்கேயும் அதையே தட்டினேன்.

கம்பைல்

நிரலைக் கல்.சி என்ற பெயரில் சேமித்துவிட்டு, டெர்மினலில் இதைத் தட்டுங்கள்:

ஜிசிசி -வால் கல்.சி -ஓ கல்

வாலில் முதல் எழுத்து மட்டும் பெரியது. இந்த வாலை ஒட்டினால் & விட்டுப்போனதைக் கம்பைலரே எச்சரிக்கும், ஒட்டாமல் விடாதீர்கள். பிழைகள் பத்து வந்தாலும் முதல் பிழையை மட்டும் பாருங்கள். ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் அதற்குக் கீழே இருப்பதெல்லாம் கூடச் சேர்ந்து புலம்பும்.

சரி, இப்போது ./கல் என்று ஓட்டி, 264 180 10 கொடுங்கள். 468 வரும்.

தாளில் 486. பதினெட்டு கல் குறைகிறது, அதாவது சுவரோரம் ஒரு முழு வரிசை. கொத்தனார் வந்து "என்ன தம்பி, ஓரத்துல நாலு அங்குலம் மண்ணாவே கிடக்கு?" என்பார். காரணம் இதுதான்: முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் சி தசமத்தை வெட்டி எறிந்துவிடும். 26.4 இல்லை, 26. விடையை ஃப்ளோட்டில், அதாவது தசம எண் வகையில், வாங்கினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. வகுத்து முடித்த பிறகுதான் அது ஃப்ளோட்டுக்குப் போகிறது, அதனால் 26.000000 என்றே வரும்.

திருத்தம்

வகுப்பதற்கு முன் கல்லின் அளவில் ஒன்று குறைத்துக் கூட்டுங்கள்:

(நீளம் + கல் - 1) / கல்

273ஐ 10ஆல் வகுத்தால் 27. அகலத்துக்கும் அப்படியே செய்யுங்கள், 486 வந்துவிடும்.

"வகுத்துவிட்டு ஒன்று கூட்டினால் போதாதா?" என்று தோன்றும். 20 அடி ஹாலைக் கொடுத்துப் பாருங்கள். 240 அங்குலத்துக்குக் கச்சிதமாக 24 கல்தான் வேண்டும். ஒன்று கூட்டினால் 25, ஒரு வரிசைக் கல் வீணாய்த் திண்ணையில் கிடக்கும்.