சவுக்குக் கழியில் சைக்கிள் தூக்கு ஸ்டாண்டு

நடவு நேரத்தில் வண்டிப்பாதையில் ஓட்டிய சைக்கிளைப் பாருங்கள். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் களிமண் அப்பியிருக்கும். காய்ந்துவிட்டால் ஓடு மாதிரி இறுகிவிடும். தலைகீழாகக் கவிழ்த்துக் கழுவினால் பிரேக் ராடு வளையும், சீட் நைந்துபோகும். இரண்டு சக்கரமும் தரை தொடாமல் சுற்றினால்தான் சேறு முழுதாகப் போகும், செயினும் சுத்தமாகும்.

சைக்கிளைத் தூக்கித் தொங்கவிடும் ஸ்டாண்டுக்கு எட்டடிச் சவுக்குக் கழி ஆறு வேண்டும். கால்களுக்கு இரண்டரை இஞ்ச் கனத்தில் நான்கு, உத்திரத்துக்கு மூன்று இஞ்ச் கனத்தில் ஒன்று, முட்டுக் கொடுக்க மெல்லியதாக ஒன்று. அரை இஞ்ச் கனத்தில் ஆறு இஞ்ச் நீளப் போல்ட் இரண்டு, வாஷரோடு. நாலடி இரும்புச் சங்கிலி இரண்டு, 8 எம்எம் கம்பியில் வளைத்த எஸ் கொக்கி இரண்டு, கட்டுக்கம்பி, பழைய டியூப். கழியின் பட்டையை உரித்துக் காயவிடுங்கள். பட்டைக்குள்தான் கரையான் முதலில் நுழையும். மண்ணுக்குள் போகும் ஓரடிக்கும் அதற்கு மேல் ஒரு சாணுக்கும் தார் பூசுங்கள்.

இரண்டு கால்களை நுனியிலிருந்து அரையடி கீழே கத்தரி போல் குறுக்கே வைத்துத் துளையிட்டு போல்ட் போடுங்கள். அடியில் நாலடி அகலம் விரிய வேண்டும். இப்படி இரண்டு ஜோடி, ஒன்றுக்கொன்று ஏழடி தள்ளி. இடைவெளி குறைந்தால் ஹேண்டில்பார் கழியில் இடிக்கும். மேலே உள்ள கவையில் உத்திரத்தை வைத்துக் கட்டுக்கம்பியால் நான்கைந்து சுற்று இறுக்குங்கள். தேங்காய் நார்க் கயிறு வேண்டாம், நனைந்து காயும்போது தளர்ந்துவிடும்.

ஸ்டாண்டு ஆடிப்போவது பெரும்பாலும் கால் நடும் ஓரடிக் குழியில்தான். டெல்டாக் களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். தோண்டிய மண்ணையே திருப்பிப் போட்டால் சித்திரையில் காலைச் சுற்றி விரல் நுழையும் அளவு இடைவெளி விழும். செங்கல் துண்டும் ஆற்று மணலும் போட்டுத் தண்ணீர் விட்டுக் கெட்டியாக இடித்து நிரப்புங்கள். சைக்கிளின் இடப்பக்கம் வரும் பக்கத்தில், ஒரு காலின் அடியிலிருந்து அடுத்த காலின் இடுப்பளவுக்குக் குறுக்காக முட்டுக் கழியைக் கட்டுங்கள். செயின் இருக்கும் வலப்பக்கம் உட்கார்ந்து வேலை செய்யத் திறந்திருக்கட்டும்.

உத்திரத்தில் இரண்டு சங்கிலியையும் சுற்றித் தொங்கவிட்டு, நுனியில் எஸ் கொக்கியை மாட்டுங்கள். முதலில் 45 கிலோ யூரியா மூட்டையை ஒரு இரவு தொங்கவிட்டுப் பாருங்கள். சாதாரண சைக்கிள் 20 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும்.

கொக்கிக்கு டியூப் சுற்றி, பின்பக்கத்தை முதலில் மாட்டுங்கள்: சீட்டுக்குச் சற்று முன்னால், மேல் பாருக்கு அடியில். முன்கொக்கி ஹேண்டில் தண்டுக்குப் பக்கத்தில். பிரேக் ராடு அதில் சிக்கக்கூடாது. மேல் பார் இல்லாத பெண்கள் சைக்கிளுக்குப் பின்கொக்கியைச் சீட் கம்பியில் மாட்டலாம், ஆனால் சீட் நட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே. சங்கிலியில் ஒரு கண்ணி ஏற்றி இறக்கி மட்டம் பிடியுங்கள். சக்கரம் தரையிலிருந்து ஒன்றேகால் அடி உயரத்தில் நின்றால் போதும். முன்சக்கரம் பக்கவாட்டில் திரும்பாமல் இருக்க அதைக் கீழ் பாரோடு டியூப் துண்டால் கட்டுங்கள், அதைச் சுற்றிக் கழுவும்போது மட்டும் அவிழ்த்துவிடுங்கள்.

சேற்றைச் சுரண்டாதீர்கள், பெயிண்ட் கீறும். நனைத்து ஊறவிட்டு, தென்னை ஈர்க்கால் மட்கார்டுக்குள் தள்ளுங்கள். மோட்டார் ஹோஸை ஹப்பிலும் பெடல் அச்சிலும் நேராகப் பிடித்தால் கிரீஸ் கழுவிப்போய், உள்ளே போன மண் பேரிங் பால்ஸையும் அவை உருளும் கோனையும் தின்றுவிடும். நாகை, வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி வாளி நல்ல தண்ணீராக இருக்கட்டும்.

செயினுக்கு மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷும். அடியில் தகரத் தட்டு வையுங்கள். அழுக்கு எண்ணெய் வாய்க்காலில் இறங்கக்கூடாது. துடைத்து நன்றாகக் காய்ந்தபின், பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டு, வெளியே வழிந்ததைத் துணியால் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மண்ணை இழுக்கும். பிறகு செயினின் கீழ்ப்பக்கத்தை நடுவில் அழுத்துங்கள்: அரை முதல் முக்கால் இஞ்ச் ஆட்டம் சரி, அதற்கு மேல் தொங்கினால் பின் ஆக்ஸில் நட்டைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து இறுக்குங்கள்.