ஆடுன டீமுக்கே கோச்சா திரும்பிப் போறீங்களா? சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இதப் படிங்க

காலேஜ்ல சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரி ஆட்டம்) ஆடி முடிச்சு சில வருஷம் கழிச்சு அதே டீமுக்கு கோச்சா வர்றியான்னு கேக்கும்போது வர்ற சந்தோஷம் இருக்கே, அது எனக்கு நல்லாவே தெரியும், ஏன்னா நானும் அப்படிப் போனவதான். நான் ஷார்ட்ஸ்டாப், ரெண்டாவது பேஸுக்கும் மூணாவது பேஸுக்கும் நடுவுல நிக்கிற ஃபீல்டர். முதல் நாள் ஒரு பொண்ணு வந்து "தரையில உருண்டு வந்த அந்த கிரவுண்ட் பால எப்படி அவ்ளோ சீக்கிரம் எடுத்தீங்க"ன்னு கேட்டா, நான் வாயத் திறந்தேன், ஒண்ணும் வரல. என் கைக்கு தெரிஞ்சது என் வாய்க்கு தெரியவே இல்ல. ஆடுனவங்க கோச் ஆகும்போது பெரிய வேலையே இதுதான்னு நான் நம்புறேன், மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

முதல் வாரம் யாரையும் திருத்தாதீங்க. ஒரு நோட்டு எடுத்துட்டு ஓரமா உக்காந்து பாருங்க. எர்ரர், அதாவது ஃபீல்டிங்ல தப்பு விட்டவகிட்ட முதல்ல போறது யாரு, டக்அவுட்ல (டீம் உக்கார்ற இடத்துல) தனியா உக்கார்றது யாரு, ப்ராக்டிஸ் முடிஞ்சும் நெட்ல நிக்கிறது யாரு, பேட்டருக்கு பின்னாடி பந்து பிடிக்கிற கேட்சர் சொன்னா பந்து வீசுற பிட்சர் கேக்குறாளா இல்லையா. ஜெர்சி அதே கலர்ல இருக்கும், மைதானமும் அதேதான், அதனால அந்த டீம் உங்களுக்கு ஏற்கனவே தெரியும்னு மனசு சொல்லும், ஆனா நீங்க பாக்குறது வேற ஆளுங்கள.

அடுத்து, உங்களுக்கு கைவந்த ஒரே ஒரு விஷயத்த எடுத்து நீங்க செய்றத ஃபோன்ல ஸ்லோ மோஷன்ல எடுங்க. நீங்க செய்றதா நினைக்கிறது ஒண்ணு, வீடியோல இருக்கிறது இன்னொண்ணா இருக்கும், எனக்கு அப்படித்தான் இருந்துச்சு, "பந்து வர்ற வரைக்கும் நில்லு"ன்னு சொல்லிக் குடுத்துட்டு இருந்தேன், பாத்தா பந்து பேட்ல படுறதுக்கு முன்னாடியே நான் சின்னதா ஒரு குதி குதிச்சு ரெண்டு கால்லயும் இறங்கி ரெடியா இருந்திருக்கேன். அந்தக் குதிய சொல்லிக் குடுத்த அப்புறம்தான் அந்தப் பொண்ணோட முதல் ஸ்டெப் மாறுச்சு.

பிட்சிங்ல இது இன்னும் முக்கியம். நிறைய பேருக்கு ஒரு காலத்துல "பந்த விட்டதும் முழங்கைய மடக்கி கைய தோள் வரைக்கும் தூக்கு"ன்னுதான் சொல்லிக் குடுத்தாங்க, அத அப்படியே அடுத்த தலைமுறைக்கு குடுத்துடாதீங்க. வேகமா வீசுற பிட்சர்கள ஸ்லோ மோஷன்ல பாருங்க, பந்து கைய விட்டு போற நேரத்துல முன்கை இடுப்ப உரசிட்டு போகும், முழங்கை மடங்குறது அதுக்கப்புறம் தானா நடக்குறது. நம்ம கத்துக்கிட்ட வார்த்தையும் நம்ம உடம்பு செஞ்சதும் ஒண்ணா இருந்திருக்கணும்னு அவசியம் இல்ல.

பேட்டிங்லயும் அதே கதைதான். காலேஜ் ஆட்டத்துல பிட்சர் நிக்கிற இடத்துக்கும் பேட்டர் முன்னாடி இருக்கிற ஹோம் பிளேட்டுக்கும் 43 அடி, அதாவது சுமார் 13 மீட்டர், அவ முன்னாடி பாய்ஞ்சு வந்து விடுறதால உண்மையான தூரம் இன்னும் கம்மி. 100 கிலோமீட்டர் வேகத்துல வந்தா அரை செகண்டுக்குள்ள பந்து வந்துடும். அந்த நேரத்துல "தோள இறக்கு, இடுப்ப திருப்பு, கைய உள்ள வை"ன்னு மூணு விஷயம் யார் மண்டைலயும் ஓடாது. ஒரு ப்ராக்டிஸுக்கு ஒரு வார்த்தை போதும். டீன்னு சொல்ற ஸ்டாண்ட்ல பந்த வெச்சு "செண்டர் ஃபீல்டர் தலைக்கு மேல அடி"ன்னு ஒரு இலக்கு குடுங்க, உடம்பு பாதி வேலைய தானா செஞ்சுக்கும்.

ரூல் புக்க முதல் பக்கத்துல இருந்து திரும்ப படிங்க, இத நான் கெஞ்சியே கேக்குறேன். பிட்சர் பாயும்போது ரெண்டு காலும் தரைய விட்டு கிளம்புனா ஒரு காலத்துல இல்லீகல் பிட்ச், இப்ப பல ரூல் புக்ல அது சரி, ஆனா அந்தக் கால முன்னாடி திரும்ப ஊணி அங்கருந்து தள்ளி வீசுனா தப்பு. நீங்க பழைய ரூல்ல நின்னு ஒரு பொண்ணோட ஸ்டைல மாத்திட்டீங்கன்னா அவளுக்கு ஒரு சீசன் போச்சு. அப்புறம் லைன்அப் கார்ட், யார் ஆடுறா எந்த வரிசைல பேட் பண்றான்னு எழுதிக் குடுக்கிற கார்ட். ஆடும்போது அத யாரோ எழுதுவாங்க, நம்ம பேர் இருக்கான்னு மட்டும்தான் பாப்போம். டிபி (டெசிக்னேட்டட் பிளேயர்), ஃப்ளெக்ஸ் ரெண்டையும் வெச்சா 10 பேர் எழுதலாம், டிபி பேட் பண்ணுவா, ஃப்ளெக்ஸ் அவளுக்கு பதிலா ஃபீல்டிங்ல நிப்பா, பேட் பண்ணாத பிட்சர் இருந்தா இது ரொம்ப உதவும். டிபி நடுவுல யாருக்கு பதிலாவும் ஃபீல்டிங் வரலாம், ஃப்ளெக்ஸ் பேட் பண்ணணும்னா டிபியோட இடத்துல மட்டும்தான். ஆரம்பத்துல இறங்குனவ வெளிய போனா ஒரு தடவ உள்ள வரலாம், ஆனா அதே பேட்டிங் இடத்துக்குத்தான். பேப்பர்ல பத்து மேட்ச் பொய்யா ஆடிப் பாருங்க, ஆள மாத்தி மாத்தி எழுதிப் பாருங்க, அம்பயர் முன்னாடி நின்னு முழிக்கிறத விட அது எவ்ளோவோ மேல்.

உறவு விஷயம். நீங்க கடைசி வருஷம் ஆடும்போது முதல் வருஷத்துல இருந்த பொண்ணு இன்னும் டீம்ல இருந்தா, அவளுக்கு நீங்க இன்னும் அக்காதான். அக்கான்னே கூப்பிடட்டும், அதுல தப்பே இல்ல, ஆனா யார் ஆடுறா யார் உக்கார்றாங்கிற பேச்சு அவகிட்ட வரக்கூடாது, ஆட்டக்காரங்க மட்டும் இருக்கிற சாட் குரூப்ல இருந்து சொல்லிட்டு வெளிய வந்துடுங்க, முதல் நாளே. இன்னொன்னு, நம்ம ஆடுன பொசிஷன் மேல நம்ம கண்ணு தானா போகும். நான் முதல் மாசம் ஷார்ட்ஸ்டாப் பொண்ண மட்டும் திருத்திட்டே இருந்திருக்கேன், ரைட் ஃபீல்டர் பேர நோட்டுல எழுதவே இல்ல, பாத்தப்ப நெஜமாவே கஷ்டமா இருந்துச்சு. வாரக் கடைசில நோட்டப் பாருங்க, எந்த பேர் வரலையோ அடுத்த ப்ராக்டிஸ்ல முதல் பத்து நிமிஷம் அவளோட.

ஹெட் கோச் உங்க பழைய கோச்சா இருந்தா, எது உங்க முடிவு எது அவங்க முடிவுன்னு முன்னாடியே கேட்டுடுங்க. மாத்துக் கருத்து இருந்தா ரூமுக்குள்ள சொல்லுங்க, டக்அவுட்ல வேணாம்.

ரன்னர ஹோமுக்கு அனுப்பவா நிறுத்தவான்னு கைய காட்டுற மூணாவது பேஸ் கோச்சா நிக்கச் சொன்னா பேஸ் பக்கத்துலயே நிக்காதீங்க. ரெண்டாவது பேஸ்ல இருந்து வர்றவளுக்கு ஹோம் 120 அடி, நீங்க ஹோம் பக்கமா கொஞ்சம் இறங்கி நின்னாதான் அவ மூணாவத தாண்டி வந்த அப்புறமும் உங்கள பாத்து நிக்க முடியும். அவுட்டே இல்லன்னா உறுதியா தெரிஞ்சா மட்டும் அனுப்புங்க. ரெண்டு அவுட்னா தைரியமா அனுப்புங்க, ஏன்னா நல்ல பேட்டரே பத்துக்கு ஏழு தடவ அடிக்காம போறா, அடுத்தவ அடிப்பான்னு நம்பி நிறுத்துறதுல லாபம் கம்மி. அவ அவுட் ஆயிட்டா தப்பு உங்களோடதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க.

பிட்சர்களோட கைய பத்தி ஒரு பெரிய தப்பு நம்பிக்கை இருக்கு, அண்டர்ஹேண்ட்ல வீசுறதால எவ்ளோ வேணாலும் வீசலாம்னு. இல்லவே இல்ல. கைய முழு வட்டமா சுத்தி வீசுற விண்ட்மில் சுத்துல தோள் முன்பக்கத்துலயும் பைசெப்ஸ்லயும் நல்லா லோடு விழும், ஒரே வாரக் கடைசில ரெண்டு மூணு மேட்ச் ஒரே பொண்ணு வீசுறது இந்த ஆட்டத்துல சகஜம். மேட்ச்ல வீசுனத மட்டும் எண்ணாதீங்க, வார்ம்அப், ப்ராக்டிஸ் எல்லாத்தையும் சேத்து எழுதுங்க. தோள் முன்னாடி வலிக்குதுன்னு சொன்னா அன்னைக்கு பந்த வாங்கிடுங்க, ஃபைனலா இருந்தாலும். நாமெல்லாம் வலிய மறைச்சு ஆடுனவங்க, அதனாலயே அவ மறைக்கிறது நமக்கு முதல்ல தெரியணும், டக்அவுட்டுக்கு வரும்போது கைய உதறுறாளான்னு பாருங்க.

"எங்க காலத்துல"ன்னு ஆரம்பிக்கிற கதைகள கொஞ்சம் தள்ளி வைங்க. சொல்லணும்னா நீங்க பந்த விட்டு தோத்த மேட்ச்ச சொல்லுங்க, அதுக்கு மறுநாள் எப்படி ப்ராக்டிஸுக்கு வந்தீங்கன்னு சொல்லுங்க, அத அவங்க கவனிச்சு கேப்பாங்க.

முதல் மேட்ச் அன்னைக்கு க்ளவ்வ கார்லயே விட்டுட்டு போங்க. கையில அது இருந்தா மனசு உள்ள இறங்கி ஆடப் போயிடும். அதுக்கு பதிலா லைன்அப் கார்ட் ரெண்டு காப்பி, ரெண்டு பேனா, ஒரு ஸ்டாப்வாட்ச். எதிர் டீம் வார்ம்அப்ல அவங்க கேட்சர் பந்த பிடிச்சதுல இருந்து ரெண்டாவது பேஸ்ல பந்து சேர்ற வரைக்கும் ஆகுற நேரத்த எடுங்க, ரெண்டு செகண்டுக்கு மேல போச்சுன்னா உங்க வேகமான ரன்னர்கிட்ட போய் மெதுவா சொல்லுங்க, பிட்சர் கைய விட்டு பந்து கிளம்புன அந்த நொடில ஓடுன்னு.